அடியில் போட்ட மூங்கில்

நான் லாரி ஓட்டிய காலத்தில் செய்த அயோக்கியத்தனங்களில் இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

மதுரையைச் சுற்றி அப்போது நல்ல ரோடு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வண்டித்தடம், கரிசல், ஆற்று மணல். அதனால் என் லாரியின் இடது பக்கம், வெளியே, இரண்டு மூங்கில், ஒரு மூங்கில் தட்டி, கயிறு, மண்வெட்டி எப்போதும் கட்டியிருக்கும். சக்கரம் புதைந்தால் மண்ணைத் தோண்டி, தட்டியை அடியில் கொடுத்து, மூங்கிலால் நெம்ப வேண்டும். கட்டி வைத்தவர் என் கிளீனர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை "யோவ்" என்றுதான் கூப்பிடுவேன். என்ன பாரம் ஏற்றினாலும் அந்த இடத்தை மறைக்க விடமாட்டார். தரையில் நின்றபடி ஒரு முடிச்சை இழுத்தால் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

ஒரு வைகாசியில் கோச்சடைப் பெண்வீட்டார் ஒருவர் லாரியை அமர்த்தினார். பெண்ணையும் சொந்தக்காரர்களையும் சீர்ச் சாமான்களோடு ஆனையூர் மாப்பிள்ளை வீட்டில் சேர்க்க வேண்டும். ஒன்பது மணிக்குள் முகூர்த்தம்.

லாரியைச் சுற்றி வந்த பெண்ணின் தாய்மாமன் மூங்கிலைப் பார்த்துவிட்டு என்னிடம் கத்தினார். "என்ன மாப்ள, கல்யாணத்துக்கு வண்டி கேட்டா பாடையும் கயிறுமால்ல கொண்டாந்திருக்க?"

கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

"யோவ், அதைக் கழட்டி அடியில போடு."

"வேணாம் தம்பி. மேல ஒரு வேட்டியைப் போட்டு மூடிருவோம். வெளியிலயே இருக்கட்டும்."

"எனக்கே சொல்லித் தாரியா? போடுய்யா."

போட்டார். அதன்மேல் கட்டில், அண்டா, நெல் மூட்டைகள் ஏறின. அதற்கும் மேல் ஆட்கள்.

பாலம் வழியாகச் சுற்றிப் போயிருக்கலாம். சீக்கிரம் சேர்த்துக் காட்டுகிறேன் என்று நான்தான் வைகை மணலில் இறக்கினேன். நடு ஆற்றில் பின்சக்கரம் இரண்டும் புதைந்தன. ஆத்திரத்தில் இன்னும் மிதித்தேன். அச்சு வரை இறங்கியது.

மூங்கிலை எடுக்க மொத்தச் சாமானையும் இறக்க வேண்டியிருந்தது. சீர்க்கட்டில் ஈர மணலில் கிடந்தது. கல்யாணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நின்றாள். பெண்ணின் அப்பா சூரியனைப் பார்த்தார். "இன்னும் எம்புட்டு நேரம்ப்பா?" என்றார். பிறகு, "எவன்யா இதைக் கொண்டுபோய் அடியில போட்டது?"

தாய்மாமன் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளீனரைக் கைகாட்டினேன்.

"இந்தாளுதான். சொன்னாக் கேக்குறதில்ல."

பெண்ணின் அப்பா கிளீனரைக் கன்னத்தில் அறைந்தார். கிளீனர் மண்வெட்டியை எடுத்தார். குனிந்து மண்ணைத் தோண்டினார்.

மூங்கில் கைக்கு வந்த பிறகு வண்டியைக் கிளப்பக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. இறக்கி ஏற்றியதில்தான் முகூர்த்தம் போனது. வேறு நல்ல நேரம் பார்த்துத் தாலி கட்டினார்கள். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, "வரும்போதே மண்ணுல புதைஞ்சு வந்திருக்கா" என்று ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள். பெண் தலை நிமிரவில்லை.

திரும்புவதற்குள் கிளீனர் எல்லாவற்றையும் பழைய இடத்தில் கட்டிவிட்டார்.

"முடிச்சு இந்தப் பக்கம் இருக்கு, டிரைவரு. பாத்துக்கங்க," என்றார். அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டார்.

அவருக்கு வீடு அவனியாபுரத்தில். அந்த வழியாக எத்தனையோ தடவை லாரி ஓட்டிப் போனேன். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை.