முகம் விழாத படம்

என் மாமா, மாதாவை வாழ்த்துகிற பிரியதத்த மந்திரம் சொல்லித்தான் படம் பிடிப்பார். பக்தி முற்றிப்போன ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவரிடம் கடிகாரம் கிடையாது, அவ்வளவுதான். படப்பெட்டியின் கண்ணிலிருந்து மூடியைக் கழற்றியதும் வாய்க்குள் மந்திரத்தைத் தொடங்குவார். சித்திரை வெயிலென்றால் முதல் வரி முடிவதற்குள் மூடியைத் திரும்பப் போட்டுவிடலாம். ஐப்பசி மேகத்துக்குக் கொஞ்சம் கூட வேண்டும். மார்கழியிலோ மாதா பேரும் வேண்டும், சேசுநாதர் பேரும் வேண்டும், கடைசி ஆமென் வரைக்கும் வேண்டும். எந்தச் சாதியானாலும் எந்த வேதமானாலும், கம்பத்தில் மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்த அத்தனை பேரும் மாதாவின் தயவில்தான் படத்தில் விழுந்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

குளிர்காலம் வந்தால் மாமாவுக்குத் தலைவலி வந்துவிடும். எங்கள் பக்கம் கிழக்கிலும் மலை, மேற்கிலும் மலை. சூரியன் தாமதமாக ஏறி வந்து சீக்கிரமே இறங்கிப் போய்விடும். நடுவில் இருக்கிற நேரத்தையும் பனிமூட்டம் தின்றுவிடும். படக்கொட்டகையின் கூரையில் ஒரு பக்கத்தைத் திறந்து மெல்லிய மல்துணி கட்டியிருப்பார். அதற்குக் கீழே நின்றுகொண்டு, “இந்தா வருது, இந்தா வருது” என்று வெளிச்சத்துக்காகக் காத்திருப்பார். வந்தவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். கோட்டும் மாமாவுடையதுதான். ஒரே ஒரு கோட்டு. அந்த வட்டாரத்தில் எந்த மேஸ்திரி வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் அந்தக் கோட்டைப் பார்க்கலாம். இருட்டறையில் இன்னொரு வம்பு. தண்ணீர் சில்லிட்டுக் கிடந்தால் கண்ணாடியில் உருவம் எழும்பாது. கரிச்சட்டியில் வைத்துக் கொஞ்சம் சூடாக்க வேண்டும். சூடு ஒரு பொட்டுக் கூடினால் கண்ணாடியில் பூசியிருப்பது பாலாடைபோல வழிந்து, ஆள் முகமே வடிந்து போகும்.

இத்தனை தொல்லையிலும் மாமாவுக்கு வேலை குறையவில்லை. அப்போது மலைமேல் பெரியாற்றுக்குக் குறுக்கே அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி, கணக்கர், கொத்தனார் என்று தினமும் ஆட்கள் மலையேறினார்கள். ஏறியவர்கள் எல்லோரும் இறங்கி வரவில்லை. காட்டுக் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. அதனால் விவரம் தெரிந்தவர்கள், ஏறுவதற்கு முன்னால் ஒரு படம் பிடித்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். காய்ச்சலும் மலையிலேயே நிற்கவில்லை. இறங்கி வந்தவர்களோடு அதுவும் இறங்கி வந்தது. எங்கள் கோயில் மணி பூசைக்கு அடித்ததைவிடச் சாவுக்கு அடித்ததுதான் அதிகம் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கத்தில், நாலு தலைமுறையாகக் கிறிஸ்து வேதத்திலிருந்த சம்சாரிகள், வெள்ளாமைக்காரர்கள் ஊர். வீட்டில் அய்யா, ஆத்தா, புருசனை இழந்து எங்களோடு இருந்த அத்தை, நான், தவழ ஆரம்பித்திருந்த தம்பி. எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்தவர்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். அதனால் ஆத்தா எங்கள் இரண்டு பேரையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். நான் தும்மினால்கூட ஓடி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அந்தக் கிறிஸ்மசுக்குத்தான் மாமா, “ஊரு உலகத்தையெல்லாம் படம் பிடிக்கேன், எங்க அக்கா குடும்பத்தைப் பிடிக்கலைன்னா நல்லாவா இருக்கு?” என்று வண்டி கட்டிக்கொண்டு வந்து எங்களைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்.

அய்யாவும் அத்தையும் பின்னால் நின்றார்கள். அவர்கள் தலை அசையாமலிருக்க முதுகுப்பக்கம் ஆளுக்கு ஒன்றாக இரும்புக் கவை நிறுத்தி, பிடரியைப் பிடித்து மாட்டினார் மாமா. ஆத்தா நாற்காலியில் உட்கார்ந்தாள், தம்பி மடியில். நின்றவர்களில் எனக்கு மட்டும் கவை இல்லை. என் உயரத்துக்கு அவரிடம் கவை கிடையாது. பெட்டிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினார். “கழுத, ஆடுன, தொலைச்சிருவேன்” என்றார் அன்பாக.

மூடி கழன்றது. மாமாவின் வாய் முணுமுணுத்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. மாதாவின் பேர் போயிற்று. பிறகு சேசுநாதர் பேர் வந்தது. உடனே நான் தலை வணங்கினேன்.

வணங்காமல் எப்படி? திருநாமம் காதில் விழுந்தால் தலை தாழ வேண்டும் என்று உபதேசியார் புளிய விளாரோடு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தாழாத கழுத்துக்குப் பிசாசு கயிறு மாட்டும் என்றும் சொல்லியிருந்தார். கோயிலில் அந்தப் பேரைக் கேட்டால் நெற்றி முழங்காலில் இடிக்க வணங்குகிற எங்கள் அத்தை, அன்றைக்கு மட்டும் நட்ட கல்லாக நின்றிருந்தாள். எனக்கு அவளை நினைத்துக் கவலையாகக்கூட இருந்தது. பத்திரமாக, பயபக்தியோடு, ஆமென் வரைக்கும் நான் தலையைத் தாழ்த்தி உயர்த்தினேன். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு கூரை வெளிச்சத்திலேயே கண்ணாக இருந்த மாமா அதைப் பார்க்கவில்லை.

மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்து மாமா படத்தைக் கொண்டுவந்தார். வரும்போதே அவர் நடையில் வழக்கமான குதிப்பு இல்லை. அய்யா படத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஆத்தா எட்டிப் பார்த்தாள். அத்தை பார்த்துவிட்டு, “சேசுவே” என்று நெஞ்சில் கை வைத்தாள்.

எல்லோரும் இருந்தார்கள். நானும் இருந்தேன். என் பாவாடை, கோத்திருந்த கை, காலில் இருந்த தண்டை எல்லாம் எண்ணி எடுக்கலாம் போலத் துலக்கமாக விழுந்திருந்தன. கழுத்துக்கு மேலே மட்டும் ஒன்றுமில்லை. வெள்ளையாகக் கொஞ்சம் புகை.

“ஆடுனா அப்பிடித்தான்க்கா வரும்” என்றார் மாமா. பிறகு என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, “ஆடுனியாத்தா? அடிக்க மாட்டேன், நெசத்தைச் சொல்லு” என்று கேட்டார்.

“ஆடல மாமா.”

“கொஞ்சம்கூட?”

“மாதா ஆணையா ஆடல.”

நான் சொன்னதில் பொய்யே இல்லை. ஆட்டமென்றால் நெளிவது, சொறிவது, தம்பியைக் கிள்ளுவது. திருநாமத்துக்குத் தலை வணங்கியதைப் போய் ஆட்டமென்று சொன்னால் உபதேசியார் தோலை உரித்துவிடுவார். மாமா என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஆடியிருந்தால் கையும் பாவாடையும் கலங்கியிருக்க வேண்டுமே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எத்தனையோ படம் பிடித்த மனுசன். அவர் முகத்திலேயே பயம் வந்ததைப் பார்த்ததும் நான் அத்தையிடம் ஓடினேன்.

“தலை விழலைன்னா ஆளு தங்காதுத்தா” என்றாள் அத்தை ஆத்தாவிடம், மெதுவாக, என்னை மார்போடு அணைத்துக்கொண்டே. என் காது அவள் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான் சாகப்போகிற பிள்ளை. வீட்டில் எல்லோரும் அப்படித்தான் என்னைப் பார்த்தார்கள். ஆத்தா என் கழுத்தில் கிடந்த மாதா உத்தரியத்தோடு ஒரு கறுப்புக் கயிற்றையும் சேர்த்துக் கட்டினாள். அய்யா சனிக்கிழமை மாடு பார்க்கப் போவதாகச் சொல்லி, சனீசுவரன் கோயில் இருக்கிற குச்சனூர்ப் பக்கம் போனார். மாடு வரவில்லை, வேட்டி நுனியில் நல்லெண்ணெய்க் கறை மட்டும் வந்தது. மறுநாள் பூசையில் எல்லோருக்கும் முன்னால் போய் முழங்காலில் நின்றார். நானோ என் முகம் இருக்கிறதா என்று நாளெல்லாம் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். விடிந்ததும் தொட்டித் தண்ணீரில் எட்டிப் பார்ப்பேன். பனிமூட்டத்தில் தண்ணீரும் வெள்ளை, மேலேயும் வெள்ளை, என் முகம் தெரியாது. சோறு இறங்கவில்லை. கோயில் மணி அடித்தால், அது எனக்குத்தான் என்று கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வேன். யாராவது உள்ளே வந்தாலும் பயம், ஆளில்லாமல் தனியாக இருந்தாலும் பயம்.

ஆத்தா என்னை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டே அடுப்பு வேலையும் பார்த்தாள். தம்பி தொட்டிலோடு அத்தை பொறுப்பில் இருந்தான். அவன் அதிகம் அழவில்லை, தவழவும் இல்லை. “வீட்டுச் சங்கடம் தெரிஞ்ச பிள்ளை, பாரேன்” என்று அத்தை மெச்சிக்கொண்டாள்.

காகிதப் படத்தை ஆத்தா அன்றைக்கே அடுப்பில் போட்டுவிட்டாள். ஆனால் அதற்கு மூலமான கண்ணாடி மாமாவிடம் இருக்கிறதே, அது இருக்கிறவரைக்கும் தோசம் போகாது என்று அத்தை சொன்னாள். அய்யா ஆள் விட்டார். மாமா கண்ணாடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, கொடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, அவசரப்படாத. சின்னவன் எப்பிடி விழுந்திருக்கான் பாரு. கண்ணைத் திறந்து நேரா பாக்கான். இமைமயிரு தெரியுது. கைப்பிள்ளை ஒண்ணு இம்புட்டுத் தெளிவா விழுந்து நான் பாத்ததே இல்ல. வெள்ளைக்காரத் துரைமாருக்குக் காட்டலாம்னு வச்சிருந்தேன்க்கா.”

தவழுகிற பிள்ளை ஒரு முழு மந்திரத்துக்கு அசையாமல் எப்படி உட்கார்ந்திருந்தான் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மாமாவும் கேட்கவில்லை. சமர்த்துப் பிள்ளை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

“ஏலே, எம்பிள்ளை உசுரைவிட ஒங்கண்ணாடி பெருசாப் போச்சா? கொண்டா இங்கன.”

“இன்னொரு தரம் அவன் இப்பிடி உக்கார மாட்டான்க்கா.”

“அவன் எங்க போயிறப் போறான்? வெயிலு வரட்டும், தனியாவே எடுத்துக்கிடலாம்” என்று சொல்லிக் கண்ணாடியைப் பறித்து, அம்மியில் வைத்து, குழவியை ஓங்கிப் போட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சில்லுகளையெல்லாம் கூட்டி அள்ளித் தொழுவத்துக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்து, என்னைப் பிடித்து முத்தமாகப் பொழிந்தாள். எனக்குப் பசித்தது. அன்றைக்கு நான் தின்ற சோற்றைப் பார்த்து அய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நான் பிழைத்துக்கொண்டேன். தெருவில் பழையபடி ஆட்டம் போட்டேன், யாரும் அதட்டவில்லை. அப்போதுதான் தம்பி தொட்டிலில் கொதித்துக்கொண்டு கிடப்பதை ஆத்தா பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வயிற்றைத் தொட்டுவிட்டு, “காய்ச்சக் கட்டியில்ல இருக்கு, இது ரொம்ப நாளாவுல்ல இருந்திருக்கும்” என்றார்கள். அய்யா பாதிரியார் சாமியிடம் மருந்துக்கு ஓடினார். மருந்து வந்தது. அதை விழுங்கத் தம்பிக்குத் தெம்பில்லை. தை மாதம் முடிவதற்குள் மணி அடித்தது, எனக்கல்ல.

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போதெல்லாம் போன பிள்ளைகளைப் படம் பிடித்துத் தரச் சொல்லி அவரைக் கூப்பிடுவதுண்டு. “ஒண்ணே ஒண்ணு எடுத்துருறேன்க்கா, நாளைக்கு ஞாபகத்துக்கு” என்றார். வாசற்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றார்.

“கண்ணு மூடியிருக்கேலே” என்றாள் ஆத்தா. “மூடுன கண்ணை எடுத்து நான் என்னலே செய்யப் போறேன்?”

மாமா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே தலையைச் சாய்த்து அழுதார். நானும் அழுதேன். தம்பி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டான் என்பது எனக்குப் புரிந்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் ஆத்தாவைக் காணோம். தேடிக்கொண்டு போனேன். தொழுவத்துக்குப் பின்னால் பனிமூட்டத்துக்குள் குத்தவைத்து, குப்பைமேட்டைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். சாணியும் சாம்பலும் முழங்கைவரை ஒட்டியிருந்தன. ஒவ்வொரு கண்ணாடிச் சில்லாக எடுத்து முந்தானையில் துடைப்பாள். கிழக்கே வெளுத்திருந்த பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சொளகில் போடுவாள். விரலெல்லாம் ரத்தம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் அந்தப் பக்கம் ஓடி விளையாடுகிறவள். வெறுங்கால். கண்ணாடி குத்திவிடக் கூடாதென்றுதான் ஆத்தா ஒன்று விடாமல் பொறுக்குகிறாள். தம்பி போன துக்கத்திலும் என் காலை மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் ஒரு சில்லைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் ஒரு பாவாடையின் ஓரம் கறுப்பாகத் தெரிந்தது.

“இது இல்ல” என்று அதையும் சொளகில் போட்டாள்.

“போதும் ஆத்தா, கையெல்லாம் அறுக்குது பாரு” என்றேன். “நான் இனிமே இங்கன வெளையாட வரமாட்டேன்.”

ஆத்தா தலையைத் தூக்கி என்னையே பார்த்தாள். “அங்கன, எருக்குழி ஓரமாக் கெடக்கான்னு பாருத்தா” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். என் காலுக்காக இத்தனை பாடா என்று சந்தோசப்பட்டுக்கொண்டே நான் எருக்குழிப் பக்கம் ஓடினேன்.