ஆப்பரேஷன் அறைக்குப் போகும் காற்று

ஜவ்வாது மலை மேல் இருக்கிற எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஆப்பரேஷன் தியேட்டர்தான். அதற்குச் சுத்தமான காற்றைக் கொடுக்கும் மெஷினுக்கு நான்தான் பொறுப்பு. அடையாள அட்டையில் வேறு ஏதோ பெரிய பெயர் போட்டிருக்கிறது, வேலை என்னவோ இதுதான். இங்கே வருவதற்கு முன் வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷெட்டில் இருந்தேன். தோலைத் தேய்க்கும்போது பறக்கிற தூசியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற மெஷின்களோடு மல்லுக்கட்டிய அனுபவம் அது. அங்கே தூசியை வெளியே தள்ள வேண்டும், இங்கே தூசியை உள்ளே விடக் கூடாது. என் முன்கோபம் மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தியேட்டர் கதவுக்கு மேலே சின்னதாக ஒரு வட்ட மீட்டர் இருக்கும். உள்ளே காற்றின் அழுத்தம் வராந்தாவைவிட அதிகமாக இருந்தால் முள் பச்சைக் கோட்டில் நிற்கும். அப்போது கதவைத் திறந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் தள்ளும், வராந்தாத் தூசியும் கிருமியும் உள்ளே நுழையாது. முள் விழுந்துவிட்டால் அது தியேட்டரே இல்லை, நான்கு சுவர் உள்ள ஒரு ரூம். அன்று மதியம் சாப்பிடப் போகும்போது பார்த்தேன், பச்சையில் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பூஜ்யத்துக்கும் கீழே கிடக்கிறது.

அதே நேரம் பார்த்துத்தான் வார்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தது. முதல் பிள்ளையே ஆப்பரேஷன். இரண்டாவது பிள்ளைக்கு மறுநாள் காலை என்று முடிவு செய்து, மாமியாரோடு முன்கூட்டியே வந்து படுத்திருந்தாள். வலி நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? டாக்டரம்மா அவளைப் பார்த்துவிட்டு நேராக மீட்டருக்குக் கீழே வந்து நின்றார்.

“பழைய தையல் போட்ட எடத்துல வலிக்குதுன்றா. ரொம்ப நேரம் வெச்சிருக்க முடியாது. இது ஏன் இப்படிக் கெடக்குது?”

“பாத்துட்டு இருக்கேன் மேடம்.”

“முன்ன ஒரு தடவ காத்து சரியில்லாதப்ப ஒரு அம்மாவ அறுத்தோமே, அவங்களுக்கு இன்னா ஆச்சுன்னு நீங்களும் பாத்தீங்க. சீழ் புடிச்சு, பொழச்சதே பெரிசு. மறுபடி அப்படிச் செய்ய மாட்டேன். ஆம்புலன்ஸ் அடிவாரத்துல ஒடுகத்தூர்லருந்து மேல வந்துட்டு இருக்குது. அது வர்றதுக்குள்ள முள் ஏறலன்னா இவள கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன்.”

கீழே அனுப்புவது என்றால் மலைப் பாதையின் அத்தனை வளைவிலும் அவளைக் குலுக்கிக்கொண்டு போவது. பாதி வழியில் பழைய தையல் பிரிந்துவிட்டால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அது தெரிந்துதான் டாக்டரம்மா சொன்னார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலில் கதவு. காயத்துக்குக் கட்டும் காஸ் துணியிலிருந்து ஒரு நூலைப் பிரித்துக் கதவின் அடி இடுக்கில் பிடித்தேன். நூல் என் பக்கம் பறக்க வேண்டும். ஆனால் உள்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அதாவது தியேட்டரிலிருந்து காற்றை வெளியேற்றும் மின்விசிறி ஒழுங்காக ஓடுகிறது, உள்ளே வர வேண்டிய காற்றுதான் வரவில்லை. கதவு ரப்பரைச் சுற்றித் தடவிப் பார்த்தேன், எங்கும் கிழியவில்லை. மலையில் கரண்ட் எப்போதும் இழுபறிதான், ஆனால் அன்று அதுவும் சரியாக இருந்தது. ஒரு நர்ஸை மீட்டருக்குக் கீழே நிறுத்திவிட்டு, கட்டடத்தின் பின்புறம் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஓடினேன்.

பெரிய காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. பெல்ட் தளரவில்லை. சரி, கடைசி ஃபில்டர்தான் அடைத்திருக்கும் என்று மெஷினை நிறுத்தினேன். கண்ணுக்குத் தெரியாத தூசியைக்கூடப் பிடிக்கிற ஃபில்டர் அது. அதன் இரும்புக் கதவின் கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. நல்ல நேரமாக இருந்தால் எண்ணெய் விட்டுக் காத்திருப்பேன். ஸ்பானரை எடுத்து இரண்டு போடு போட்டேன். கொக்கி உடைந்து கையோடு வந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். உள்ளே ஃபில்டர் வெள்ளை வெளேரென்று இருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை.

பாக்கி இருந்தது வெளிச்சுவரில் காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் உள்ள முதல் ஃபில்டர். கொசு, இலை, பெரிய தூசி எல்லாம் அங்கேயே நின்றுவிடும். போன வாரம்தான் நானே கழுவி மாட்டியிருந்தேன், அதனால் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. உடைந்த கதவை எப்படியோ சாத்தி, மெஷினை மறுபடி போட்டுவிட்டுச் சுவரைச் சுற்றிப் போனேன்.

அங்கே அந்தப் பெண்ணின் மாமியார் நின்றுகொண்டிருந்தாள். காலடியில் சிமெண்டுத் தரையில் படுதா விரித்து ஒரு குவியல் சாமை. கையில் முறம். தியேட்டரின் காற்றை வெளியேற்றும் ஜன்னல் அந்தச் சுவரில்தான் இருக்கிறது, அதிலிருந்து ஒரே சீராகக் காற்று வரும். முறத்தை உயர்த்தி அந்தக் காற்றில் சாமையைச் சரித்துக்கொண்டிருந்தாள். மணி கீழே விழுந்தது, உமியும் தூசும் மேலே சுழன்றன. கட்டடம் கட்டிய மகராசன் காற்று வெளியே வரும் ஜன்னலையும் உள்ளே போகும் ஜன்னலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தான். இவள் தூற்றிய தூசு அத்தனையையும் இங்கே கக்கி அங்கே உறிஞ்சிக்கொண்டிருந்தது மெஷின். ஃபில்டர்மேல் கம்பளி போர்த்திய மாதிரி உமி அப்பியிருந்தது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நானும் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். ஆப்பரேஷன் தியேட்டர் காற்றில் தூற்றுவார்கள் என்று எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

“இன்னா பண்ணினு இருக்கே இங்க? அறிவு இருக்குதா?” என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. “காத்தே இல்ல பாய், களத்துல எத்தினி நாளா கெடக்குது தெரியுமா? இங்க நல்லா வருது. புள்ள பொறந்துட்டா எங்களுக்குத் தீட்டு, களத்துத் தானியத்தத் தொடக் கூடாது. வூட்ல வேற ஆளு இல்ல. அதான் மூட்டையக் கையோட கொண்ணாந்துட்டேன். இப்ப வலி எடுத்துக்கிச்சு, அதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாக்குறேன்.”

“உன் மருமவள அறுக்கப் போற ரூமுக்கு இதுதான் காத்து. நீ அடச்சு வெச்சுட்டே. இந்தக் காத்து போவலன்னா டாக்டரம்மா கத்தியத் தொட மாட்டாங்க, அவள வண்டியில போட்டு மலைய வுட்டு எறக்கிடுவாங்க.”

அவள் கையிலிருந்த முறம் அப்படியே சரிந்தது. தூற்றிய சாமை, தூற்றாத சாமை எல்லாம் ஒன்றாகக் கொட்டியது. “நா இன்னா செய்யணும் பாய்?” என்று மட்டும் கேட்டாள். அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை.

மெஷினை நிறுத்தி, ஃபில்டர் சட்டங்களைக் கழற்றினேன். தண்ணீரில் கழுவிக் காயவைக்க நேரமில்லை, ஈரத்தோடு மாட்டினால் காற்றும் ஏறாது, பூஞ்சையும் பிடிக்கும். காற்று நுழைந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்துத் தட்டினோம். அவள் ஒரு சட்டத்தைத் தட்ட, நான் இன்னொன்றுக்குப் பிரஷ் போட்டேன். மிச்சத்தை ஆஸ்பத்திரி வேக்குவம் கிளீனர் உறிஞ்சியது. தட்டும்போதெல்லாம் என் காது மலைப் பாதையில்தான் இருந்தது. மாட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டேன்.

வராந்தாவின் பின் ஜன்னல் வழியாக நர்ஸ் தொண்டை கிழியக் கத்தினார். “ஏறுது! ஏறுது!” கொஞ்சம் பொறுத்து, “நின்னுடுச்சு. பச்சைக்கு இன்னும் வரல.”

எனக்கு உடனே புரிந்தது. நான் கொக்கியை உடைத்த கதவு. அதன் இடுக்கு வழியாகக் காற்று சீறிக்கொண்டு வெளியே போகிறது. டேப் ஒட்டினேன், தகட்டின் ஈரத்தில் பிய்த்துக்கொண்டு வந்தது. கயிறு கட்டினேன், ஒரு மூலை அடங்கினால் இன்னொரு மூலை பிதுங்கியது. கடைசியில் தோளைக் கொடுத்து அழுத்தினேன்.

“பச்சை!” என்றது நர்ஸின் குரல்.

தோளை எடுத்தேன். “போச்சு!”

அப்போதுதான் வளைவில் ஆம்புலன்ஸ் ஹாரன் கேட்டது. டாக்டரம்மா மெஷின் ரூம் வாசலுக்கே வந்துவிட்டார். கதவில் சாய்ந்து நிற்கிற என்னைப் பார்த்தார், உடைந்த கொக்கியையும் பார்த்தார்.

“எவ்ளோ நேரம் புடிப்பீங்க?”

“நீங்க முடிக்கிற வரைக்கும் மேடம்.”

“நடுவுல வுட்டுட்டீங்கன்னா?”

“வுட மாட்டேன்.”

ஒரு மூச்சு நின்று யோசித்தார். பிறகு திரும்பி, “தியேட்டருக்குக் கொண்டுவாங்க” என்று வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

கதவு என்னைவிட உயரம். மேல் மூலையை அழுத்தினால் கீழ் மூலை வாய் திறந்தது. காலால் உதைத்துப் பிடிக்கப் பார்த்தேன், வழுக்கியது. யா அல்லா, இவ்வளவு வாய்ச்சவடால் விட்டுவிட்டோமே என்று மறுபடி தோளைக் கொடுத்தேன். அந்த மாமியார் எப்போது உள்ளே வந்தாள் என்று தெரியாது. என்னிடம் எதுவும் கேட்காமல் உட்கார்ந்து, கீழ் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினாள். சீறல் நின்றது.

வராந்தாவில் நர்ஸ் கத்துவது நின்றதும் அந்த ரூமில் காற்றாடி இரைச்சல் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கத்தி வைத்தார்களா, மயக்க மருந்து ஏறியதா, அவள் எப்படி இருக்கிறாள், ஒன்றும் தெரியாது. தோள் மரத்துப் போனது. மாமியாரின் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, அவள் குலசாமியாக இருக்கும். என் வாயிலும் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இரும்புத் தகட்டில் அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“முடியலன்னா சொல்லுங்கம்மா, வேற யாரையாவது கூப்புடலாம்” என்றேன்.

“நீ உன் பக்கத்தப் புடி பாய்.”

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. வாசலில் நர்ஸ் வந்து நின்றார். இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று கையால் வாயைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

“பொண்ணு பொறந்துக்குதும்மா! நல்லா அழுவுது! வா, வந்து பாரு!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் தலையை மட்டும் திருப்பினாள், கை நகரவில்லை.

“வயித்த மூடிட்டாங்களா?”

“தையல் போட்டுட்டு இருக்காங்க. கொஞ்ச நேரம் ஆவும். நீ வா, புள்ளயப் பாரு.”

“புள்ள எங்க போயிடப் போவுது, அப்புறமாப் பாக்குறேன். எங்க பொண்ணு வயிறு இன்னும் தொறந்து கெடக்குது.”

சொல்லிவிட்டு, மரத்துப்போன காலை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி அழுத்தினாள். நானும் தோளை எடுக்கவில்லை.