மாப்பிள்ளையோடு வந்த கார்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீடு மாறுவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். வீடு, வளவு, கிணறு, கிணற்றடி வாழை எல்லாம் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார். என்னுடையவர் நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு ஒரு உடுப்புப் பெட்டியோடும் ஒரு காரோடும் வந்தார். பெட்டியை அன்றைக்கே அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டோம். காரைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அது வெள்ளைக்காரன் காலத்துக் கார். கறுப்பு நிறம், உருண்டை முகம், தவளைக் கண் மாதிரி இரண்டு விளக்கு. என் மாமனார் அதை வாடகைக்கு ஓட்டியே பிள்ளைகளை ஆளாக்கினார். அவர் மௌத்தான பிறகு அண்ணன்மார் வேண்டாமென்று ஒதுக்க, கடைசி மகனான இவர் தலையில் அது விழுந்தது. கலியாணத்தன்று மாப்பிள்ளையை எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் பெரிதாக ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. அதன் பிறகு ஓடியதெல்லாம் தள்ளித் தள்ளித்தான். பக்கத்து ஊர் பாண்டிருப்பிலும் எங்கள் ஊரிலும் அந்தக் காரில் ஒரு தடவையாவது கை வைத்துத் தள்ளாத ஆண்பிள்ளை குறைவு. மூன்றாம் வருடம் தள்ளினாலும் ஓடாது என்றாகிவிட்டது.

சூறாவளியில் எங்கள் வளவின் தென்னைகள் விழுந்து ஒரு பக்கம் வெளித்துப்போயிருந்தது. கார் அங்கே நின்றது. படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவர் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டு அதற்குள் தலையை விட்டால், மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போதுதான் தலையை எடுப்பார். "உனக்குச் சக்களத்தி வந்திரிக்காள்" என்று பக்கத்து வீட்டில் பகிடி பண்ணுவார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. "சக்களத்தின்டா சோறு மட்டும்தான் கேப்பாள், இவள் பெற்றோலும் கேக்கிறாள்" என்பேன். கோபம்தான். என் கேக் தட்டில் நட்டும் ஆணியும் கிடக்கும். பிள்ளையின் பால் போத்தல் கழுவும் பிரஷ் ஒயில் குழாய்க்குள் இருக்கும். தையல் மிசினுக்கு வாங்கிய எண்ணெயைக் காணவே காணாது.

ஆனாலும் எனக்கு ஒன்று விளங்கியிருந்தது. எங்கள் வளவில் இவர் மூன்று வருடமாக விருந்தாளியாகவே இருந்தார். கதிரையின் நுனியில்தான் இருப்பார். ஒரு தேங்காய் பறிக்க வேண்டுமென்றாலும் "மாமாட்டக் கேட்டியா?" என்பார். பசித்தாலும் கேட்க மாட்டார். உம்மா மருமகனோடு நேருக்கு நேர் கதைப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எனக்குச் சொல்வார், நான் இவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சம்பளமில்லாத தபால்காரி. காரின் மூடியைத் திறந்த பிறகுதான் இவருடைய குரல் பெரிதாகும். அங்கே நின்றால் பாட்டுக்கூடப் பாடுவார். அந்தக் கார் போய்விட்டால் எங்கள் வளவில் இவருக்கென்று ஒன்றும் இருக்காது.

அது போகும் நாளும் வந்தது. தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் கலியாணம் ஏது? வளவில் வெளித்த இடம் ஒன்றுதான் இருந்தது. அதில் கார் நின்றது. வாப்பா வயல்காரர், ஒன்றைச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பெருநாள் கழிஞ்ச வெள்ளிக்கிழம மேசன் ஊட்டுக்கு நூல் புடிக்க வாறான் மருமகன். அதுக்குள்ள இது தன்ட கால்ல எழும்பி ஓடினா ஒங்களோட இரிக்கட்டும். இல்லாட்டி இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போவான்" என்றார்.

"ஓம் மாமா" என்றார் இவர். அவ்வளவுதான். அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாளே எஞ்சினின் தலையைக் கழற்றி விறாந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். வால்வுகளில்தான் கோளாறு என்று எனக்கு விளங்கப்படுத்தினார். வால்வு என்பது காளான் மாதிரி ஒரு இரும்பு. எஞ்சினின் தலையில் எட்டுக் குழிகள், எட்டு வால்வுகள். காளானின் குடை தன் குழியில் காற்றுப் போகாமல் குந்தினால்தான் எஞ்சினுக்கு மூச்சு. குந்தாவிட்டால் இருமல்தான். அதற்கு மணல் கலந்த கிறீஸ் மாதிரி ஒரு பசை டின்னில் வரும். அதை வால்வில் பூசிக் குழியில் வைத்து, நுனியில் ரப்பர் பிடித்த தடியை மேலே ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். ஒரு குழியில் தேய்த்த வால்வு அந்தக் குழிக்குத்தான், வேறு குழிக்குப் பொருந்தாது. இவர் பெருநாளுக்கு முந்திய கிழமை முழுவதும் தேய்த்து, எட்டையும் ஒழுங்கு மாறாமல் சாக்கில் வரிசையாக வைத்துவிட்டு, எஞ்சின் தலைக்கு அடியில் போடும் தகடு வாங்க மட்டக்களப்புக்கு பஸ் ஏறினார்.

பெருநாள் வருகிறதென்றால் எங்கள் ஊரில் பெண்களுக்குக் கை நமைக்கும். கதவு, ஜன்னல், கதிரை, பானை, பீங்கான் எதுவும் தப்பாது. கண்ணில் பட்டதெல்லாம் கிணற்றடிக்குப் போகும், சாம்பலும் மணலும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு விளக்கப்படும். நான் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தபோது கிணற்றடிப் பலகையில் எட்டு வால்வுகளும் கழுவி வைத்த கிளாஸ்கள் மாதிரி தலைகீழாகக் காய்ந்துகொண்டிருந்தன. பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுக்கம்.

"உம்மா! என்ன வேல செஞ்சிரிக்கீங்க!"

"மருமகன்ட சாமான் கரி புடிச்சிக் கெடந்திச்சி புள்ள. பெருநாளும் அதுவுமா ஊட்டுக்குள்ள அப்பிடிக் கெடக்கலாமா?" என்றார் உம்மா. பாராட்டை எதிர்பார்த்து நின்றார். பிறகு ஞாபகம் வந்தவர் மாதிரி, "அந்த டின்னுக்குள்ள இரிந்த மருந்து என்ன மருந்துகா? சோத்துப் பானைட அடிக்கரி ஒரு தேய்ப்பில போயிற்று. முடிஞ்சி போச்சி. இன்னொரு டின் வாங்கித் தரச் சொல்லு" என்றார்.

நான் பானையைப் பார்த்தேன். வாங்கிய நாளில்கூட அது அப்படி இருந்ததில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

இவர் பின்னேரம் தகட்டோடு வந்தார். பலகையைப் பார்த்தார். ஒரு வால்வை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். எது எந்தக் குழிக்கென்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். மாமியாரை ஏச முடியுமா? கதவுக்குப் பின்னால் உம்மாவின் வளையல் சத்தம் கேட்டது.

"மாமிக்குச் சொல்லு, நல்லா மினுங்குதென்டு" என்றார். எனக்கு இவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது, அதோடு கோபமும் வந்தது. இந்த மனிசனுக்கு ஒரு தடவையாவது சத்தம் போடத் தெரியாதா?

பெருநாளன்று புது உடுப்புப் போட்டும் இவருக்கு முகம் தெளியவில்லை. கடைகள் எல்லாம் பூட்டு. மறுநாள் காலையிலேயே சைக்கிளை எடுத்துக்கொண்டு சவளக்கடை என்கிற ஊருக்குப் போனார். அங்கே ட்ராக்டர் திருத்தும் ஒருவர் பழக்கம். பகலுக்குத் திரும்பி வரும்போது கையில் வாழையிலை மூடிய ஒரு சிரட்டை. அதற்குள் பசை.

"இத மாமிட கண்ணுல காட்டாத" என்றார். அந்த மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார்.

விறாந்தையில் பன்பாயை விரித்துத் தேய்க்கத் தொடங்கினார். முதலிலிருந்து எட்டையும் தேய்க்க வேண்டும். நான்காவது வால்வில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு தேய்த்தார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியில் கதவே பேசியது.

"அப்பிடியில்ல புள்ள. சொல்லு, அப்பிடியில்ல. மேல் கைய அமத்தினா மத்து ஓடாது."

நான் தபால் கொடுக்க வாயைத் திறப்பதற்குள் முக்காட்டை இறுக்கிக்கொண்டு உம்மா வெளியே வந்துவிட்டார்.

"தள்ளுங்க மருமகன்" என்றார். நேருக்கு நேர்.

இவர் திகைத்துத் தள்ளியிருந்தார். உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லித் தடியை வாங்கினார். கீரை கடைந்து, தயிர் கடைந்து பழகிய கைகள். வலமும் இடமும் ஒரே அளவு, இடைக்கிடை ஒரு தூக்கு, திரும்பவும் ஓட்டம். பசையின் கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி வழுவழுப்பானது. இவர் துடைத்துப் பார்த்தார். குழியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், எங்கேயும் உடையாமல்.

"மாமி, நான் ஒரு கிழமையெல்லாம் தேச்சும் இப்பிடி வரல்ல."

"கரி கழுவினதும் இந்தக் கைதானே" என்றார் உம்மா. அது மன்னிப்பா, பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு நானும் இரண்டு தேய்த்தேன். மிச்சத்தை உம்மா எனக்கு விடவில்லை. அஸருக்கு முன்னால் எட்டும் முடிந்தது. வால்வுகளைக் குழிகளில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தோம். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று நினைவு வந்து குசினிக்குள் ஓடினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வாப்பா மேசனோடு வந்தார். இவர் தொழுதுவிட்டு முந்தியே ஓடி வந்து கார் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தக் காரைக் கிளப்ப முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் ஒரு தடவை செருமும், நிற்கும். இரண்டு தடவை செருமும், நிற்கும். வேலிக்கு மேலால் அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது. கொப்பளித்த கையால் சுற்றினால் எங்கே வேகம் வரும்? எனக்கு நெஞ்சு அடித்த அடி எஞ்சினுக்கு அடித்திருந்தால் அது கொழும்புக்கே போயிருக்கும்.

வாப்பாவுக்குச் சும்மா நின்று பார்க்கும் பொறுமை கிடையாது. சாரனை மடித்துக் கட்டினார்.

"தள்ளுங்க. மாட்ட மறிச்ச கை இது."

"பெருவெரல மத்த வெரலோட சேத்துப் புடிங்க மாமா. திருப்பி அடிச்சா கை முறியும்."

முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருமியது. மூன்றாவது சுற்றுக்குப் புகைக்குழாயிலிருந்து கரும்புகை குபீரென்று கிளம்பி மேசனை மூடியது. பிறகு எஞ்சின் பிடித்துக்கொண்டது. இருமலில்லை, செருமலில்லை, என் தையல் மிசின் மாதிரி ஒரே சீராக ஓடியது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் குதித்தேன். உம்மா கதவை விட்டு வெளியே வந்து கை தட்டினார்.

"பாத்தீங்களா? நான் சுத்தின ஒடன புடிச்சிற்று!" என்று வேலியில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார் வாப்பா. ஏதோ காரை அவரே பெற்றெடுத்த மாதிரி. அப்படியே முன் ஆசனத்தில் ஏறினார். இவர் அவரைக் கடற்கரைவரை கொண்டுபோய்க் கொண்டுவந்தார். திரும்பி வரும்போது வாப்பாவின் முழங்கை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

புகைக்கரி அப்பிய முகத்தோடு மேசன் நூல் உருண்டையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். "எல்லாம் சரி. கார எங்க விடுற?" என்று கேட்டார்.

யாரும் அதை யோசிக்கவில்லை. தங்கச்சியின் வீட்டுக்கு நூல் பிடித்தால் வளவே முடிந்துவிடும். வாப்பா தாடியைத் தடவினார். பிறகு ஒரு முளையையும் சுத்தியலையும் எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

"ஒங்கட காருக்கு எவ்வளவு வேணுமோ நீங்களே அடிங்க மருமகன். ஊட்டக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிக் கட்டுவம்."

இவர் போய் வேலியோரமாக முளையை அடித்தார். நான் பார்த்தேன். கார் நுழையும், ஆனால் கதவு திறக்காது. வால்வில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிற மனிசன் தனக்கென்று ஒரு இடம் கேட்கும்போது இவ்வளவுதான் கேட்கிறார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இதுக்குள்ள கார விட்டா எப்பிடி எறங்குவீங்க? ஜன்னலாலயா?" என்று கேட்டுவிட்டு முளையைப் பிடுங்கினேன். நன்றாகத் தள்ளிப் போய், ஆள் படுத்து வேலை செய்ய இடம் விட்டு, நானே சுத்தியலால் அடித்தேன். "ராத்தா, என்ட குசினி!" என்று தங்கச்சி கத்தினாள். இன்றைக்கும் அவள் குசினி சிறியதுதான், இன்றைக்கும் ஏசுகிறாள். வாப்பா என்னைப் பார்த்தார், முளையைப் பார்த்தார். "மகள் சொல்றது சரி. கதவு தொறக்கோணும்" என்று மேசனிடம் சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் இவர் காரைக் கொண்டுபோய் அந்த இடத்தில் விட்டார். இரண்டு பக்கக் கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே சாய்ந்து இருந்தார், நுனியில் இல்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். பக்கத்து ஆசனத்தைத் துணியால் துடைத்தார்.

"வா புள்ள. வந்து இரி" என்றார்.

நான் பிறந்து வளர்ந்த வளவில் இவர் என்னை வரவேற்றது அன்றைக்குத்தான். நானும் விருந்துக்கு வந்தவள் மாதிரிச் சேலையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக ஏறி இருந்தேன்.