எங்களை லொறி என்று எண்ணிய கதவு

திருகோணமலைத் துறைமுகத்தில் நான் வேலை செய்த களஞ்சியத்தின் வாசலுக்குப் புதிதாக மின்சாரக் கதவு பொருத்தினார்கள். நிலத்திலிருந்த இரும்புத் தகட்டில் லொறி ஏறினால் அது தானாகத் திறக்கும்.

ஒருநாள் பெட்டி விழுந்து, எங்களோடு வேலை செய்த காசிம் நானாவின் கால் நசுங்கியது. அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். வெளியே ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் நின்றது; ஆனால் கதவு மூடியிருந்தது. உள்ளே ஒரு லொறியும் இல்லை.

“சாவி எஞ்சினியரிட்ட. எனக்குத் திறக்க ஏலாது,” என்று தவித்தார் காவலாளி.

வலியிலும் நானா தகட்டையே பார்த்தார். “மனிசர் எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்? எல்லாரும் ஏறுங்கோ!”

அவரைத் தூக்கியபடியே நெருக்கியடித்து ஏறினோம். கதவு அசையவில்லை. எங்களைத் தடுக்க வேண்டிய காவலாளியே ஓடிவந்து நடுவில் பாய்ந்தார். கதவு கடகடவென்று திறந்தது.

நானாவின் கால் பிழைத்தது. அந்தத் தகடு எவ்வளவு பாரம் கேட்டதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காவலாளியும் எங்களோடு சேர்ந்தபோதுதான் அது போதுமாக இருந்தது.