மஞ்சள் தடவிய பாடம்

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் நான் பியூனாக இருந்தேன். எண்பதுகளில் அங்கே முதல் வருடத்துக்கு நிர்வாகவியல் என்று புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் போகாத எனக்கு அது என்ன படிப்பு என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பாடம் எடுக்க வந்த அம்மாவைத்தான் தெரியும்.

பிள்ளைகள் தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். கையிலிருந்த ஒரே புத்தகம் இங்கிலீஷ். பிரின்சிபால் சொல்லிவிட்டார்: "திங்கக்கிழமை பசங்க கையில தமிழ்ல எதனா இருக்கணும்மா. இல்லன்னா எல்லாரையும் வரலாறுக்கு மாத்திடுவேன்." வகுப்பு போனால் அந்த அம்மாவின் வேலையும் போய்விடும்.

சனிக்கிழமை காலை தமிழ்ப் புத்தகம் தேடி விழுப்புரத்துக்கு பஸ் ஏறினோம். எனக்குச் சொந்த ஊர் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டார். கூட்டேரிப்பட்டில் அப்போது அவித்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விற்பார்கள், சூடாக, தாளில் சுருட்டி. மயிலத்தில் கிருத்திகை என்றால் அந்த பஸ்ஸில் கால் வைக்க முடியாது. எதற்குச் சொல்ல வந்தேன்? ஆமாம், வாங்கிக் கொடுத்த மல்லாட்டையில் அந்த அம்மா ஒன்றைக்கூட உரிக்கவில்லை. அந்த இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் வைத்துத் தமிழில் எழுதிக்கொண்டே வந்தார்.

கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு புத்தகக் கடைக்காரர் சிரித்தார். "மேனேஜரு ஆவறதுக்கா புக்கு? மொதலாளி பொண்ணக் கட்டிக்கினா போதும்மா!"

அம்மா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், "கெடைக்கலன்னா நாமளே அச்சடிச்சிடலாங்க. பிரஸ் எங்க இருக்குது?" என்றார்.

என் மச்சினன் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன். அவன் பிரஸ்ஸுக்கே கூட்டிப் போனேன். முகூர்த்த மாதம். கொடியெல்லாம் காய்கிற பத்திரிகைகள்.

"இன்னா மாமா, இந்த நேரத்துல வந்து பேஜாரு பண்றே? பொண்ணு மாப்ள பேரு இல்லாம நான் ஒரு எழுத்தும் கோத்ததே இல்ல."

"மாப்ள பேரு திட்டமிடல்," என்றார் அம்மா. "பொண்ணு பேரு கண்காணிப்பு. ஜல்தியா ஆரம்பிங்க."

சிரித்துக்கொண்டே ஈய எழுத்துப் பெட்டியை இழுத்தான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து எழுதி எழுதித் தர, அவன் கோத்தான். வெள்ளைத் தாள் தீர்ந்ததும் பத்திரிகைக்கு வைத்திருந்த ரோஸ் தாளில் அச்சு ஓட்டினான்.

மறுநாள் மத்தியானம் போனால், கட்டு தயாராக இருந்தது. ஒவ்வொரு தாளிலும் நாலு மூலைக்கும் மஞ்சள்! மச்சினன் பெண்டாட்டியின் கைவரிசை.

"இன்னாம்மா இது?" என்று அவளிடம் கத்தினேன்.

"மஞ்சா வெக்காம இந்தக் கடைய விட்டு எது போயிருக்குதுண்ணா?"

மறுபடி அடிக்கத் தாளும் இல்லை, நேரமும் இல்லை. அம்மா ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுத்து மறையல. போதும்," என்று கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பிரின்சிபால் ஒரு தாளைப் புரட்டி, மூலையை முகர்ந்தும் பார்த்தார்.

"யாருக்கும்மா கல்யாணம்?"

"ஃபர்ஸ்ட் இயருக்கு சார். பத்து மணிக்கு முகூர்த்தம்."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாய்யா வேடிக்கை பாத்துக்கினு நிக்கற? போய் மணி அடி."

அடித்தேன்.