லோயர் கேம்ப்பில் இறங்கிய தங்கை

மண்டபம் முகாமில் எழுத்தராக இருந்தபோது ஓர் அண்ணனையும் தங்கையையும் நான் பிரித்தேன். இரு நாட்டுத் தலைவர்கள் டெல்லியில் போட்ட கையெழுத்தால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். அடுத்த வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்து வரிசையில் நின்ற தங்கை செல்வியை, அந்தக் குடும்பத்து அட்டையிலேயே எழுதிவிட்டேன். அவள் நீலகிரிக்குப் போனாள்; அண்ணன் முத்தையா கம்பத்துக்கு. போகுமுன் அவன் வந்து அழுதான். தவறென்று தெரிந்தும், மேலதிகாரிக்குப் பயந்து நான் திருத்தவில்லை.

ஓய்வுபெற்றபின் தோட்டம் தோட்டமாகத் தேடி, இன்று அவளை அழைத்து வந்திருக்கிறேன். கம்பத்துக்குப் பக்கத்து ஊரான லோயர் கேம்ப்பில் பேருந்திலிருந்து இறங்குகிறோம். கால்வாயில் தண்ணீர் இரைகிறது. டீக்கடைக்காரரிடம் விசாரிக்கிறேன்.

"சிலோன் முத்தையாவா? அந்தா, அங்கன திராட்சைக்கு மருந்தடிக்கிறாக. நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"

"இந்தத் தங்கச்சிய அவர்கிட்டருந்து பிரிச்சவன்."

அவர் செல்வியைப் பார்க்கிறார். பிறகு கத்துகிறார்: "முத்தையாண்ணே! மருந்த இறக்கி வச்சிட்டு ஓடியாங்க!"

முத்தையா வருகிறார். "அண்ணே" என்கிறாள் செல்வி. அவர் அவளைத் தொடவில்லை. கால்வாயில் இறங்கி, மருந்து படிந்த கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவுகிறார். அதன்பிறகுதான் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

நான் யாரென்று செல்வி சொன்னதும் என் பக்கம் திரும்புகிறார்.

"உங்கள மன்னிக்க முடியுமான்னு தெரியல சார். ஆனா சோறு திங்காமப் போயிராதீக."

கம்பம் போகும் பேருந்தில் நடத்துநர் விசில் ஊதுகிறார். நான் ஏறவில்லை.