தூத்துக்குடியில் முறிந்த பத்தியம்

அந்தப் பயணம் 1958 ஏப்ரலில் நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். நயா பைசா வந்து ஓராண்டு ஆகியிருந்தது. நான் நாலாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். எத்தனையாவது நாள் என்றுகூடச் சொல்லலாம்: அத்தையின் பத்தியத்தில் அது அறுபத்து மூன்றாம் நாள்.

அத்தை, அப்பாவின் தங்கை. வயிற்றில் கட்டி என்று புகுந்த வீட்டார் கொண்டுவந்து விட்டதிலிருந்து நாகல் நகரில் எங்களோடுதான் இருந்தாள். சாணார்பட்டியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் வைத்தியர் சூரணம் கொடுத்து, இரண்டு மண்டலம், அதாவது தொண்ணூற்றாறு நாள், பத்தியம் விதித்திருந்தார். உப்பு, புளி, மிளகாய், மீன், இனிப்பு எதுவும் ஆகாது. ஒருநாள் தவறினாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தில் கோடு போடும் வேலை எனக்கு. கூடவே, அத்தை எதையும் திருடித் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் காவல் வேலையையும் நானாக எடுத்துக்கொண்டேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அத்தைக்குப் பிழைக்க ஆசை. உப்பில்லாக் கஞ்சியைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டு, "கோடு போட்டியா மருமவளே?" என்றுதான் கேட்பாள்.

அறுபத்தோராம் நாள் வைத்தியர் நாடி பார்த்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம் அவர் சொன்னது, கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கும் கேட்டது. அப்பா என்னைப் பார்த்துவிட்டார்.

"அத்தைட்ட மூச்சு விடக்கூடாது, ஆமா."

தலையாட்டினேன். பத்தியம் வேண்டாம் என்றால் நோய் போய்விட்டது என்றுதானே பொருள்? அதுவும் முப்பத்தைந்து நாள் முன்னதாக! நல்ல நேரம் பார்த்துச் சொல்லப்போகிறார் அப்பா என்று முடிவு செய்துகொண்டேன்.

அத்தை கடலைப் பார்த்ததில்லை. மறுநாளே அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு ரயிலேறினார். கடற்காற்று வயிற்றுக்கு நல்லது, வைத்தியரே இரண்டு நாள் விலக்குக் கொடுத்திருக்கிறார் என்று அவளிடம் சொன்னார். அத்தை நொய்யரிசியை ஒரு துணியில் முடிந்து எடுத்துக்கொண்டாள்.

காலையில் பார்த்த கடல், கழுநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. கரையில் பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி, நுங்கு போட்டுக் கொடுத்தார்கள். ஓலையின் பச்சை வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அத்தை உதட்டை மட்டும் நனைத்துவிட்டுப் பட்டையை என்னிடம் நீட்டினாள். அப்பா மக்ரூன் வாங்கிவந்தார். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்த்துச் சுட்டது. சின்னக் கோபுரம் போலிருந்தது. நாக்கில் வைத்ததும் காணாமல் போனது. அத்தை தன் பங்கை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இன்னும் முப்பத்திமூணு நாள்தான. அப்புறம் திங்கிறேன்."

"அதுக்குள்ள நமுத்துப் போயிரும் அத்தை."

"போனாப் போகுது."

மத்தியானம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சீலா மீன் குழம்பு. அத்தை வெறுஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். இலையோரம் மீன் துண்டு அப்படியே கிடந்தது.

"என்னக்கா, மீனக் காவல் காக்கியளோ? அது இனிமே நீந்தாது, சாப்பிடுங்க" என்றாள் கடைக்கார அம்மா.

"ஒரு வாய் தின்னு புள்ள" என்றார் அப்பா.

"ஏண்ணே, அறுபத்திரெண்டு நாள் பட்ட பாட்டைக் கெடுக்கச் சொல்றியே, நல்லாருக்கா?"

அப்பா பாதிச் சாப்பாட்டில் கைகழுவ எழுந்து போனார். எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையின் காதருகே போனேன்.

"சாப்பிடுங்க அத்தை. உங்களுக்குக் குணமாயிருச்சு. வைத்தியரே சொல்லிட்டாரு."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்: "'இனி பத்தியம் வேணாம். வாய்க்கு என்ன கேக்குதோ அதக் குடுங்க. அந்தப் புள்ளைக்கி ஒரு குறையும் வைக்காதீக.'"

அத்தை சற்று நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர்ச் சோற்றை ஒதுக்கிவிட்டு, "ஆத்தா, சோறு போட்டுக் குழம்பு ஊத்துங்க. இன்னொரு துண்டும் வைங்க" என்றாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்து, அவசரமில்லாமல் தின்றாள்.

திரும்பி வந்த அப்பா அவள் இலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவள ஏசாதண்ணே. மீனு நல்லாருக்கு. நீயும் உக்காந்து சாப்பிடு."

அப்பாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. கடைக்கார அம்மா காரம் என்று நினைத்து மோர் கொண்டுவந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரயிலில் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மக்ரூன் பொடியாகியிருந்தது. எனக்குப் பாதி கொடுத்துவிட்டு, மீதியை விரலால் தொட்டுத் தொட்டுத் தின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரின் அந்தக் கட்டத்தில் 'குணம்' என்று எழுதி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். கிட்டே வந்து பார்த்தாள்.

"தேதி சரியாத்தான் இருக்கு மருமவளே. இனிமே கோடு போட வேணாம்."

கெட்டிக்காரத்தனமாக ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தத் தாளைக் கிழிக்க வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. அத்தை இறந்துபோன ஆனி மாதத்திலும் எங்கள் சுவரில் ஏப்ரல்தான் தொங்கியது.